உலகச் சனத்தொகை 800 கோடியைத் தாண்டி ஓடினால்: நாடுவாரி ஆண்டுத் தரவில் பிழை தேடும் வழி

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள் பின்னேரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, உலகச் சனத்தொகையைக் கூட்டினா எண்ணூறு கோடி சொச்சம் வரவேணும். இது பல மடங்கு காட்டுது. வினவல்ல பிழை ஒண்டும் இல்லை, மூண்டு தரம் பாத்திட்டன்."

அவன் சொன்னது சரி. வினவலில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்ட கேள்வியில், பிழை இல்லை. தரவுத்தளமும் ஒரு முனகல்கூட இல்லாமல் விடையைத் தந்திருந்தது. நாடுகளின் ஆண்டுத் தரவோடு வேலை செய்வதில் உள்ள தொல்லையே இதுதான். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் அது நல்ல காலம். பெரும்பாலான பிழைகள் சத்தமில்லாமல் வந்து, அழகான வரைபடமாகி, அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

வெள்ளவத்தையில், ரயில் போகும்போது யன்னல் அதிரும் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்துகொண்டு உலக வங்கி, ஐக்கிய நாடுகள் சபை, நமது மத்திய வங்கி, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஆகியவற்றின் எண்களை ஒன்றாகக் கோத்து எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அங்கே திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளை, கண்ணுக்கு முதலில் தெரியும் அறிகுறியை வைத்து எழுதுகிறேன். கட்டளைகளைச் சொல்லாலேயே விளக்குகிறேன். எந்தத் தரவுத்தளம் வைத்திருந்தாலும் பொருந்தும். பள்ளிக்கூடத்தில் படித்தபடி கிடையாகப் போவதை நிரை என்றும் செங்குத்தாக இறங்குவதை நிரல் என்றும் சொல்வேன். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு நிரல் என்றால் புரோகிராம். இந்தக் கட்டுரை முடியும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறிகளுக்குப் போகமுன், நான் எதைச் சரியான அமைப்பு என்கிறேன் என்பது தெரியவேண்டும். மூன்று அட்டவணைகள்:

நாடு: குறியீடு, பெயர், வகை
குறிகாட்டி (சனத்தொகை போல அளக்கப்படும் ஒன்று): குறியீடு, பெயர், அலகு
அளவீடு: நாடு, குறிகாட்டி, ஆண்டு, மதிப்பு

அளவீடு அட்டவணையில் நாடு, குறிகாட்டி, ஆண்டு மூன்றும் சேர்ந்ததுதான் முதன்மைச் சாவி, அதாவது இந்த மூன்றின் ஒரே சேர்க்கை இரண்டு நிரைகளில் வரக்கூடாது. ஒரு நிரை என்றால் ஒரு நாட்டின் ஒரு குறிகாட்டிக்கு ஓர் ஆண்டில் ஒரு மதிப்பு. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், இந்த வாக்கியத்தில் "நாடு" என்றால் என்ன, "ஆண்டு" என்றால் என்ன என்று யாரும் முடிவு செய்யாததால் வந்தவை.

அறிகுறி: எந்த நாட்டைக் கேட்டாலும் விடை 1960

சிரிப்பாக இருக்கும், ஆனால் அடிக்கடி நடப்பது. உலக வங்கியின் கோப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு நிரலாக இருக்கும்: 1960, 1961 என்று அகலமாகப் போகும். அதை அப்படியே அட்டவணையாக ஏற்றிவிட்டு, நாட்டின் பெயரையும் 1960ஐயும் தெரிவுசெய் என்று எழுதினால், தரவுத்தளம் அதை நிரலின் பெயராக எடுக்காது. 1960 என்ற எண்ணாகவே எடுக்கும். இலங்கைக்கும் 1960, இந்தியாவுக்கும் 1960.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் நிரலாகும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொன்றில் பின்சாய்ந்த ஒற்றைக் குறி வேண்டும். அங்கே இரட்டை மேற்கோள் போட்டால், இயல்பான அமைப்பில், அது வெறும் எழுத்துச் சரமாகி அதே 1960 திரும்ப வரும்.

ஆனால் மேற்கோள் போட்டுத் தப்புவது மருந்தில்லை. ஆண்டு என்பது தரவு. அதை நிரலின் பெயரில் ஒளித்து வைத்தால், "2010க்குப் பிறகு" என்று ஒரு நிபந்தனைகூட எழுத முடியாது. அடுத்த வருடம் புதிய நிரல் சேர்க்க அட்டவணையையே மாற்றவேண்டும். ஏற்றும்போதே அகலத்தை நீளமாக்குங்கள். பைத்தான் தெரிந்தவர்கள் பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தின் மெல்ட் என்ற ஒரே கட்டளையில் முடிக்கலாம். தரவுத்தளத்துக்குள்ளேயே செய்வதென்றால் ஆண்டுக்கு ஒரு தெரிவாக எழுதி யூனியன் ஆல் போட்டு ஒட்டவேண்டும். நீளமான வேலை, ஆனால் ஒருமுறைதான். வெறும் யூனியன் போடாதீர்கள். அது ஒரே மாதிரியான நிரைகளைச் சுருக்கப் பார்த்து நேரத்தைத் தின்னும்.

அறிகுறி: எல்லா ஆண்டும் 1905

எக்ஸெலின் கைங்கரியம். ஆண்டு நிரலை யாரோ திகதி வடிவத்துக்கு மாற்றியிருப்பார்கள். எக்ஸெலுக்கு 2012 என்பது 1900 தொடக்கத்திலிருந்து எண்ணிய 2012ஆவது நாள். அது 1905 ஜூலை 4. 1960 தொட்டு இன்றுவரை எந்த ஆண்டைப் போட்டாலும் நாள் 1905க்குள்தான் விழும். பிறகு அதிலிருந்து ஆண்டை மட்டும் பிரித்தெடுத்து ஏற்றினால் எல்லா நிரையும் 1905 ஆகி, இரண்டாம் நிரையிலேயே முதன்மைச் சாவி மோதும். முதன்மைச் சாவி வைக்காதவர்களுக்கு மோதல்கூட வராது, அவர்கள்தான் பாவம். ஆண்டை எப்போதும் சிறிய முழு எண்ணாக வையுங்கள். அதற்குத் திகதி வகை தேவையே இல்லை.

அறிகுறி: கோப்பு ஏற மறுக்கிறது, அல்லது நிரல்கள் ஒரு கட்டம் தள்ளிப் போகின்றன

சுருக்கமாகச் சொல்கிறேன். உலக வங்கியின் குறிகாட்டிக் கோப்பில் முதல் நான்கு வரிகள் மூலமும் புதுப்பித்த நாளும் வெற்று வரிகளும்தான். தலைப்பு ஐந்தாம் வரியில் வரும். வரிகளின் கடைசியில் ஒரு கமா தொங்கும். அது பெயரில்லாத வெற்று நிரலாகும். கொங்கோ, கொரியா, ஈரான், எகிப்து போன்ற பெயர்களுக்குள்ளேயே கமா இருக்கிறது. ஆகவே கமாவில் வெட்டும் சொந்தக் கட்டளை வேண்டாம், சரியான சிஎஸ்வி (கமாவால் பிரித்த கோப்பு) வாசிப்பானைப் பயன்படுத்துங்கள். வேறொரு வழியாகத் தரவிறக்கினால் விடுபட்ட மதிப்புகள் இரண்டு புள்ளிகளாக வரும். அந்த இரண்டு புள்ளிகளுக்காக மதிப்பு நிரலை எழுத்து வகையாக மாற்றிவிடுவார்கள். அப்புறம் இறங்குவரிசையில் அடுக்கினால் 9 மேலே, 100 கீழே. புள்ளிகளை வெறுமையாக மாற்றி ஏற்றுங்கள். தயவுசெய்து பூச்சியமாக மாற்றாதீர்கள். தெரியாது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல.

அறிகுறி: மொத்தம் பல மடங்கு வருகிறது

தம்பியின் கதை. இதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம், இரண்டையும் பார்க்கவேண்டும்.

முதலாவது, நாடு என்ற நிரலில் நாடல்லாதவை இருப்பது. உலக வங்கியின் கோப்பில் இலங்கைக்கும் லக்சம்பேர்க்குக்கும் பக்கத்தில் உலகம், தெற்காசியா, அரபு உலகம், யூரோ வலயம், உயர் வருமான நாடுகள் என்றெல்லாம் நிரைகள் இருக்கும். அவற்றுக்கும் நாடுகளைப் போலவே மூன்றெழுத்துக் குறியீடு. இலங்கையர் ஒருவர் இலங்கையிலும் எண்ணப்படுவார், தெற்காசியாவிலும், உலகத்திலும், தன் வருமானக் குழுவிலும் எண்ணப்படுவார். எல்லாவற்றையும் கூட்டினால் அவர் பலமுறை பிறந்தவர் ஆகிறார்.

கண்டுபிடிக்கும் வழி: மதிப்பின்படி இறங்குவரிசையில் முதல் இருபது நிரைகளைப் பாருங்கள். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் மேலே ஏதாவது இருந்தால் அது நாடு இல்லை. நிரந்தரமாகத் தீர்க்க, நாடு அட்டவணையில் நான் மேலே சொன்ன வகை நிரலை நிரப்புங்கள்: நாடு அல்லது தொகுப்பு. கையால் நிரப்பத் தேவையில்லை. தரவோடு வரும் நாடுகளின் விபரக் கோப்பில் பிராந்தியம் என்ற நிரல் இருக்கிறது. தொகுப்புகளுக்கு அது வெறுமையாக இருக்கும். தொகுப்புகளை அழித்துவிடச் சொல்லவில்லை. உங்கள் கூட்டலைச் சரிபார்க்க அவை நல்ல சாட்சி. நாடுகளை மட்டும் கூட்டி, உலகம் என்ற நிரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. தம்பியின் கணினியில் வகை நிரலைத் திருத்திய பிறகும், அவனுடைய இன்னொரு வினவல் கூடுதலாகவே காட்டியது. அவன் நாட்டுக் குழுக்களுக்கு ஓர் அட்டவணை வைத்திருந்தான்: எந்த நாடு எந்தக் குழுவில் என்று. தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கில் எட்டு நாடுகள். வங்காள விரிகுடாப் பிராந்தியக் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கில் ஏழு. இலங்கை, இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பூட்டான் ஐந்தும் இரண்டிலும் உண்டு. அளவீட்டை அந்த அட்டவணையோடு இணைத்ததும் இந்த ஐந்து நாடுகளின் ஒவ்வொரு நிரையும் இரண்டானது. குழுவாரியாகக் கூட்டினால் தவறில்லை. குழுவை மறந்து மொத்தம் எடுத்தால் இந்தியா இரண்டு முறை வரும். இந்தியா இரண்டு முறை வந்தால் எந்த மொத்தம்தான் தாங்கும்?

இங்கே எல்லாரும் செய்யும் கைமருந்து, கூட்டலுக்குள், திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்ட் போடுவது. போடாதீர்கள். அது ஒரே நாட்டின் இரட்டிப்பை நீக்கவில்லை, ஒரே மதிப்பின் இரட்டிப்பை நீக்குகிறது. இரண்டு நாடுகளுக்குத் தற்செயலாக ஒரே எண் இருந்தால் ஒன்று காணாமல் போகும். வீத எண்களில் இது சர்வசாதாரணம். முதலில் வேண்டிய நாடுகளின் பட்டியலை மட்டும் தனித்தனியாக எடுங்கள், அல்லது எக்ஸிஸ்ட்ஸ் போட்டு "இந்தக் குழுக்களில் ஏதாவது ஒன்றில் இருக்கிறதா" என்று மட்டும் கேளுங்கள். பிறகு கூட்டுங்கள்.

குழு அட்டவணைக்கு வந்த கையோடு இன்னொன்று. குழுவுக்கும் ஆண்டு உண்டு. உலக வங்கி 2019 ஜூலையில் இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடாக வகைப்படுத்தியது. 2020 ஜூலையில் திரும்பவும் கீழ் நடுத்தரத்துக்கு இறக்கியது. ஒரு வருடம்தான் அந்த மகிழ்ச்சி. குழுவில் சேர்ந்த நாள், விலகிய நாள் என்று இரண்டு நிரல் வைக்காவிட்டால், இன்றைய வகைப்பாட்டை நீங்கள் கடந்த காலத்தின் மேல் ஒட்டிவிடுவீர்கள். ஆப்கானிஸ்தான் சார்க்கில் சேர்ந்தது 2007இல். அதற்கு முந்திய சார்க் மொத்தத்தில் அதைச் சேர்ப்பதா விடுவதா என்பது உங்கள் ஆய்வு முடிவு. அதைத் தரவுத்தளம் தற்செயலாக எடுக்கக்கூடாது.

அறிகுறி: ஒரு சில நாடுகள் காணவில்லை

யார் காணவில்லை என்று பாருங்கள். காணாமல் போனவர்களின் பெயரே காரணத்தைச் சொல்லும்.

நமீபியா மட்டும் இல்லையென்றால்: அதன் ஈரெழுத்துக் குறியீடு என்ஏ. பாண்டாஸுக்கு என்ஏ என்றால் தரவு இல்லை என்று பொருள். ஒரு முழு நாட்டை வெறுமை என்று விழுங்கிவிடும். வாசிக்கும்போது இயல்பான வெறுமைச் சொற்களை ஏற்காதே என்ற தேர்வைக் கொடுங்கள், அல்லது மூன்றெழுத்துக் குறியீட்டுக்கு மாறுங்கள். நான் எப்போதும் மூன்றெழுத்துத்தான்.

ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பூட்டான் மூன்றும் இல்லை, ஆனால் இலங்கை, இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், மாலைதீவு எல்லாம் இருக்கின்றன என்றால்: நீங்கள் எண் குறியீட்டில் இணைக்கிறீர்கள். அந்த மூன்றின் குறியீடுகள் 004, 050, 064. எக்ஸெல் முன்னால் உள்ள பூச்சியங்களை அழித்து 4, 50, 64 ஆக்கிவிட்டது. இலங்கைக்கு 144, இந்தியாவுக்கு 356 என்பதால் தப்பின. குறியீடு எண்ணைப் போலத் தெரிந்தாலும் அது பெயர்தான். யாரும் அதைக் கூட்டப்போவதில்லை. எழுத்து வகையில் வையுங்கள்.

கொங்கோ, கொரியா, வியட்நாம், துருக்கி, எஸ்வாத்தினி போன்றவை இல்லையென்றால்: பெயரை வைத்து இணைத்திருக்கிறீர்கள். ஒரு மூலத்தில் வியட்நாம் ஒரே சொல், இன்னொன்றில் இரண்டு சொல். சுவாசிலாந்து 2018இல் எஸ்வாத்தினி ஆனது. மசிடோனியா 2019இல் வட மசிடோனியா. நமக்கு இது புதிதா என்ன? 1972 மே 22 வரை நாமே இலங்கை என்றும் சிலோன் என்றும் இரண்டு பெயரோடு இருந்தோம். பெயர் என்பது காட்டுவதற்கு, இணைப்பதற்கு இல்லை.

கொசோவோவில் அந்நியச் சாவிப் பிழை (நாடு அட்டவணையில் இல்லாத குறியீடு என்ற மறுப்பு) வந்தால் பயப்படவேண்டாம். உலக வங்கி அதற்கு எக்ஸ்கேஎக்ஸ் என்ற குறியீட்டைப் பயன்படுத்துகிறது. அது சர்வதேசத் தர நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் உள்ள குறியீடு இல்லை. உங்கள் நாடு அட்டவணையில் கையால் ஒரு நிரை சேருங்கள்.

காணாமல் போனவர்களுக்கிடையில் பொதுவாக ஒன்றுமே இல்லை, ஆண்டுக்கு ஆண்டு வேறு நாடுகள் மறைகின்றன என்றால் வினவலைத்தான் சந்தேகிக்கவேண்டும். எல்லா நாடும் வரவேண்டும் என்று, தரவு இல்லாத நாட்டையும் விடாத லெஃப்ட் ஜாயின் இணைப்பைப் போட்டிருப்பீர்கள். அதற்குக் கீழே, நிரைகளை வடிகட்டும் வெயர் பகுதியில் "ஆண்டு 2015 ஆக இருக்கவேண்டும்" என்று எழுதியிருப்பீர்கள். தரவு இல்லாத நாட்டுக்கு ஆண்டு நிரல் வெறுமையாக வரும். வெறுமை 2015க்குச் சமமில்லை. வெயர் அதை வெளியே தள்ளிவிடும். லெஃப்ட் ஜாயின் போட்டதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. அந்த ஆண்டு நிபந்தனையை வெயரிலிருந்து எடுத்து, இணைப்பின் நிபந்தனையை எழுதும் ஆன் பகுதிக்குள் வையுங்கள். ஒரு வரியை இடம் மாற்றுவதுதான் வேலை, ஆனால் இதற்காக ஒரு முழு நாளைத் தொலைத்த என் போன்றவர்கள் நிறையப் பேர்.

அறிகுறி: ஒரு நாடு திடீரென்று சுருங்குகிறது, அல்லது நடுவில் பிறக்கிறது

இது பெரும்பாலும் பிழையே இல்லை. 2011 ஜூலை 9இல் தென் சூடான் பிரிந்தது. சூடானின் எண் குறியீடும் 736இலிருந்து 729 ஆனது. எரித்திரியா 1993இல் பிரிந்தபோது எத்தியோப்பியாவின் எண் 230இலிருந்து 231 ஆனது. அதாவது எல்லை மாறினால் எண் குறியீடு மாறும், எழுத்துக் குறியீடு பெரும்பாலும் பெயரைப் பின்தொடரும். பழைய மூலமும் புதிய மூலமும் கலந்தால் ஒரே சூடான் இரண்டு நாடாகத் தெரியும், அல்லது இரண்டு சூடான் ஒன்றாகும்.

நமக்கு விளங்கும் உதாரணம் சொன்னால், கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. 1981 தொகைமதிப்பில் அந்த மக்கள் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள். 1981இன் யாழ்ப்பாணத்தையும் 2012இன் யாழ்ப்பாணத்தையும் ஒரே பெயரில் நேரே ஒப்பிட்டு, எத்தனை பேர் குறைந்தார்கள் என்று எழுதினால் அதில் ஒரு பகுதி போரின் கணக்கு, ஒரு பகுதி எல்லைக்கோட்டின் கணக்கு. நாடு அட்டவணையில் செல்லுபடியாகும் தொடக்க ஆண்டும் முடிவு ஆண்டும் வைத்து, எந்த நாடு எதிலிருந்து பிரிந்தது என்பதைச் சின்னத் துணை அட்டவணையாக வையுங்கள். பழையதைப் புதிய எல்லைக்குப் பிரித்துக் கொடுப்பதைவிட, புதியவற்றைக் கூட்டிப் பழைய எல்லைக்குக் கொண்டுபோவது எப்போதும் பாதுகாப்பு.

அறிகுறி: வளர்ச்சி வீதம் நம்ப முடியாமல் துள்ளுகிறது

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் நின்று பேச விருப்பம்.

ஆண்டு வளர்ச்சிக்கு எல்லாரும் லேக் என்ற சாளரச் சார்பைப் பயன்படுத்துகிறார்கள். லேக் முந்திய ஆண்டைத் தராது, முந்திய நிரையைத் தரும். ஆண்டு விடுபடாத வரை இரண்டும் ஒன்று. விடுபட்டால்?

இலங்கையின் தொகைமதிப்பை எடுங்கள். 1981இல் 14,846,750 பேர். 2001இல் வடக்கு கிழக்கில் முழுமையாக எண்ண முடியவில்லை. 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. முழு நாட்டுக்குமான எண்ணிக்கை இல்லை என்று அந்த நிரையை விட்டால் அடுத்தது 2012: 20,359,439 பேர். லேக் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து 37 சதவீத வளர்ச்சி என்று சொல்லும். நடுவில் 31 ஆண்டுகள் போனது அதற்குத் தெரியாது. கூட்டு வீதமாகப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான்.

தீர்வு இரண்டு. அளவீடு அட்டவணையை அதனோடே இணைத்து, "அதே நாடு, அதே குறிகாட்டி, ஆண்டு ஒன்று குறைவு" என்று வெளிப்படையாகக் கேளுங்கள்; முந்திய ஆண்டு இல்லையென்றால் விடை வெறுமையாக வரும், அதுதான் நேர்மை. அல்லது 1960 முதல் இன்றுவரை எல்லா ஆண்டும் கொண்ட ஆண்டு அட்டவணை ஒன்றைச் செய்து, ஒவ்வொரு நாட்டோடும் ஒவ்வோர் ஆண்டையும் சோடி சேர்த்து, அதன்மேல் அளவீட்டை லெஃப்ட் ஜாயின் செய்துவிட்டு லேக் போடுங்கள். ஓட்டை ஓட்டையாகவே தெரியும்.

துள்ளல் ஒரே ஓர் ஆண்டில் மட்டும், அதுவும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் என்றால் அடிப்படை ஆண்டை, அதாவது எந்த ஆண்டின் விலையில் கணக்கிட்டார்கள் என்பதை, சந்தேகியுங்கள். நமது திணைக்களம் 2010 விலையிலிருந்து 2015 விலைக்கு மாறியது. உலக வங்கியின் நிலையான விலைத் தொடரும் அதே குறியீட்டின் கீழ் 2010 டொலரிலிருந்து 2015 டொலருக்கு மாறியது. பழைய கோப்பில் பாதியும் புதிய கோப்பில் பாதியும் ஏற்றினால், சந்திக்கும் இடத்தில் ஒரு மாயப் பாய்ச்சல். அலகு நிரலில் வெறுமனே டொலர் என்று எழுதாமல் அடிப்படை ஆண்டையும் எழுதி, வேறு அடிப்படையை வேறு குறிகாட்டியாகவே வையுங்கள். ஒட்டித்தான் ஆகவேண்டுமென்றால் பழைய தொடரின் வளர்ச்சி வீதங்களைக் கொண்டு புதிய தொடரைப் பின்னோக்கி நீட்டுங்கள். பெறுமதிகளை அப்படியே அருகருகே வைக்காதீர்கள்.

இன்னொரு வகை: எண் துள்ளவில்லை, ஆனால் போன வருடம் நீங்கள் எழுதிய எண்ணோடு இன்றைய எண் ஒத்துப்போகவில்லை. 2022இல் இலங்கைப் பொருளாதாரம் 7.8 சதவீதம் சுருங்கியது என்று முதலில் வெளியானது. பின்னர் அது 7.3 ஆகத் திருத்தப்பட்டது. இரண்டும் பிழையில்லை, இரண்டும் வெவ்வேறு நாளில் தெரிந்தவை. மதிப்பின்மேல் மதிப்பை எழுதிப் பழையதை அழித்தால், போன வருட அறிக்கையைக் கேள்வி கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்காது. வெளியீட்டு நாள் என்று ஒரு நிரலைச் சேர்த்து, அதையும் முதன்மைச் சாவிக்குள் கொண்டுவாருங்கள். அன்றாட வேலைக்கு, ஒவ்வொன்றிலும் கடைசி வெளியீட்டை மட்டும் காட்டும் ஒரு பார்வை அட்டவணை போதும்.

அப்புறம் ஆண்டு. நமக்கு அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கும். இந்தியாவுக்கு ஏப்ரலில், பாகிஸ்தானுக்கும் பங்களாதேஷுக்கும் ஜூலையில். 2019-20 என்று வரும் எண்ணை 2019இல் போடுவதா 2020இல் போடுவதா? எதைச் செய்தாலும் சரி, ஒரே மாதிரிச் செய்யுங்கள், நிதியாண்டு தொடங்கும் மாதத்தை நாடு அட்டவணையில் எழுதி வையுங்கள். கொரோனா ஆண்டை ஒப்பிடும்போது இந்தச் சில மாத விலகல் முழுக் கதையையும் மாற்றிவிடும்.

அறிகுறி: உலகச் சனத்தொகை எப்போதும் 2,147,483,647

சாதாரண முழு எண் வகையின் உச்சவரம்பு அது. 1960இலேயே உலகில் 300 கோடிப் பேர். மைஎஸ்கியூஎல் கண்டிப்பில்லாத முறையில் இருந்தால் அதற்குமேல் போனதை வெட்டி இந்த எண்ணிலேயே நிறுத்திவிடும். மற்றவை பிழை சொல்லும். எஸ்கியூஎல் சேர்வரில் இந்தியாவையும் சீனாவையும் கூட்டினாலே கூட்டல் வரம்பு மீறும், தனித்தனியே இரண்டும் உள்ளே அடங்கும் என்றாலும். பெரிய முழு எண், அல்லது தசம வகைக்கு மாறுங்கள்.

ஒற்றைத் துல்லிய மிதவை வகையில் (எண்களைக் கிட்டத்தட்டவே சேமிப்பது) வைத்தவர்களுக்கு வேறு விதமான கோளாறு. 20,359,439 என்று ஏற்றினால் உள்ளே இருப்பது 20,359,440. அந்த வகையால் 16,777,216க்கு மேல் எல்லா முழு எண்ணையும் சரியாகப் பிடிக்க முடியாது. ஓர் ஆள் கூடிவிட்டார், பெரிய விசயமில்லை என்று தோன்றும். திணைக்களத்தின் எண்ணோடு சமமா என்று சரிபார்க்கும் வினவல் இல்லை என்று சொல்லும்போது தலை சுற்றும்.

இலங்கையின் பங்கு தெற்காசியாவில் 0 சதவீதம் என்று வந்தால்: போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், எஸ்கியூஎல் சேர்வர் மூன்றிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். முதலில் 100.0ஆல் பெருக்குங்கள்.

அறிகுறி: சராசரி உறுத்துகிறது, கடைசி ஆண்டின் மொத்தம் விழுகிறது

தெற்காசியாவின் தலைக்குரிய வருமானம் கேட்டால் எட்டு நாடுகளின் தலைக்குரிய வருமானத்தை எடுத்துச் சராசரி போடுகிறார்கள். ஐந்து இலட்சம் சொச்சம் பேர் உள்ள மாலைதீவுக்கும் நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கும் ஒரே எடை. மேலே மொத்த வருமானத்தின் கூட்டல், கீழே சனத்தொகையின் கூட்டல், பிறகு வகுத்தல். இரண்டு கூட்டலிலும் அதே நாடுகள், அதே ஆண்டு இருக்கவேண்டும். ஒன்றில் வெறுமை இருந்தால் அந்த நாட்டை இரண்டிலிருந்தும் விடுங்கள்.

கடைசி ஆண்டு மொத்தம் சரிவது இதே கதைதான். சிலர் இன்னும் தரவு கொடுக்கவில்லை. கூட்டல் வெறுமையைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். கூட்டலுக்குப் பக்கத்தில் எப்போதும் கவுண்ட் மதிப்பு என்று, அதாவது எத்தனை மதிப்புகள் கூட்டப்பட்டன என்று, ஒரு நிரல் எடுங்கள். எட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து இருந்தால் அந்தச் சரிவைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டாம்.

ஒவ்வொரு நாட்டுக்கும் கடைசியாகக் கிடைத்த மதிப்பு வேண்டுமென்றால் ஆண்டின் உச்சத்தையும் மதிப்பையும் நாடுவாரியாகத் தொகுக்கும் ஒரே "குரூப் பை" கட்டளையில் எடுக்காதீர்கள். பழைய மைஎஸ்கியூஎல், ஆண்டை ஒரு நிரையிலிருந்தும் மதிப்பை இன்னொரு நிரையிலிருந்தும் எடுத்துத் தரும். மதிப்பு வெறுமையில்லாத நிரைகளை மட்டும் வைத்து, நாடுவாரியாக ஆண்டின் இறங்குவரிசையில் ரோ நம்பர் (வரிசை எண்) போட்டு, 1 என்று வருவதை எடுங்கள். விடையில் ஆண்டையும் காட்டுங்கள், ஏனென்றால் ஒரு நாட்டின் கடைசி 2023 ஆகவும் அடுத்ததன் கடைசி 2009 ஆகவும் இருக்கும்.

அறிகுறி: விடை சரி, ஆனால் வர நேரமாகிறது

நாடுகளும் தொகுப்புகளுமாக இருநூற்று அறுபது சொச்சம், குறிகாட்டிகள் ஆயிரத்துக்கு மேல், அறுபது சொச்சம் ஆண்டுகள். பெருக்கினால் கோடியைத் தாண்டும். வெறுமையான நிரைகளை ஏற்றாமல் விட்டாலே பெரிய அளவில் குறையும்.

மீதி, சுட்டியின் ஒழுங்கு. தேடலை வேகமாக்கத் தரவுத்தளம் வைத்திருக்கும் வரிசைப்படுத்திய பட்டியல்தான் சுட்டி. முதன்மைச் சாவி நாடு, குறிகாட்டி, ஆண்டு என்ற ஒழுங்கில் இருந்தால் இலங்கையின் தொடரைக் கேட்பது வேகம். "2015இல் எல்லா நாட்டின் சனத்தொகை" என்று கேட்டால் முழு அட்டவணையையும் மேயவேண்டிவரும். நகை வாங்கச் செட்டியார் தெருவுக்குப் போனால் கடைகள் வரிசையாக இருக்கும், ஒரு நடையில் எல்லாவற்றையும் பார்க்கலாம். அதே கடைகளைக் கொழும்பு முழுக்க முதலாளியின் பெயர் ஒழுங்கில் பரப்பி வைத்திருந்தால்? குறிகாட்டி, ஆண்டு, நாடு என்ற ஒழுங்கில் இரண்டாவது சுட்டி ஒன்றைப் போடுங்கள்.

தம்பி அதைப் போட்டுவிட்டுத் திரும்ப ஓட்டினான். நாடுகளின் கூட்டல் ஒரு வரியில், கோப்பிலிருந்த உலகம் என்ற நிரை அடுத்த வரியில். இரண்டுக்கும் இடையே மிகச் சின்ன வித்தியாசம் மட்டும் மீதியிருந்தது. "இது எங்கேயிருந்து வந்தது அண்ணா?" என்று கேட்டான். கவுண்ட் நிரலைப் பார்க்கச் சொன்னேன்.